ஏற்றத்தில் திணறும் கார்: பெட்ரோல் எங்கே தடைபடுகிறது?

பத்மினி, அம்பாசிடர், பழைய கார்பரேட்டர் மாருதி 800 என்று எந்த வண்டியானாலும், இழுவை குறைந்துவிட்டால் முதலில் கழற்றப்படுவது கார்பரேட்டர்தான். பெரும்பாலும் அது அவசரப்பட்ட வேலை. தன் வாசலுக்கு வந்து சேர்கிற பெட்ரோலைத்தான் கார்பரேட்டர் காற்றோடு கலக்க முடியும். அங்கே எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்காமல் பிரித்தால் நல்ல பேக்கிங் (இணைப்பு கசியாமல் அடைக்கும் தாள்) கிழியும், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் தலையில் ஸ்க்ரூ டிரைவர் பொளி தேயும், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் அளவு மாறிப்போகும். ஒரு கோளாறோடு வந்த வண்டி இரண்டு கோளாறோடு வெளியே போகும்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஒன்றை மட்டும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: வண்டி எந்த நேரத்தில், எத்தனை விநாடி அல்லது நிமிடம் கழித்துத் திணறுகிறது? கோளாறு இருக்கும் இடத்தை அந்த நேரமே பாதிக்கு மேல் காட்டிவிடும்.

முதலில் கணக்கு

மாருதி 800 போன்ற சின்ன எஞ்சின் ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) நிமிடத்துக்கு 10 மி.லி. அளவில்தான் பெட்ரோல் குடிக்கும். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிற வண்டி சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போனால் மணிக்கு 4 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 67 மி.லி. அதே வண்டியை ஏற்காடு ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஏற்றினால் நிமிடத்துக்கு 180 முதல் 200 மி.லி. வரை வேண்டும். ஐடிலிங்குக்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய 20 மடங்கு.

ஆகவே "ஸ்டார்ட் ஆகுது, ஐடிலிங் நிக்குது, அதனால பெட்ரோல் வருது" என்பது தவறான முடிவு. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்பரேட்டருக்குத் தள்ளும் பம்ப் கால்வாசி மட்டும் வேலை செய்தாலும் ஐடிலிங்குக்குத் தாராளமாகக் கொடுத்துவிடும். ஊருக்குள் ஓட்டினால் தெரியவே தெரியாது. பைபாஸிலும் ஏற்றத்திலும்தான் வெளிப்படும்.

கார்பரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் 40 முதல் 60 மி.லி. வரை இருப்பு இருக்கும். முழு மிதியில், வரத்து அறவே நின்றால் அந்த இருப்பு 15 விநாடி தாங்கும். வரத்து பாதியாகக் குறைந்திருந்தால் 30 விநாடி தாங்கும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சாலையில் பாருங்கள்.

மிதித்த அந்த நொடியிலேயே இழுவையில் ஒரு குழி விழுந்து, அடுத்த நொடியே எடுத்துக்கொண்டால் அது ஆக்சிலேட்டர் பம்ப் (மிதித்ததும் கார்பரேட்டருக்குள் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் பாகம்) விவகாரம். குழாய்ப் பக்கம் போகவே வேண்டாம். மூன்றாம் கியரில் ஏற்றத்தில் 15 முதல் 30 விநாடி நன்றாக இழுத்துவிட்டு, பிறகு மெல்ல மெல்ல மூச்சு வாங்கினால் கிண்ணம் காலியாகிறது என்று பொருள். ஃபில்டர், ஹோஸ், பம்ப் ஆகிய மூன்றில் ஒன்றுதான். 20, 30 நிமிடம் ஓடி நின்று, பத்து நிமிடம் ஓரம் கட்டியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். சூட்டில் மட்டும் வந்தால் குழாயில் ஆவி அடைக்கிறது. டேங்க் நிறைய இருக்கும்போது ஒழுங்காக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் மக்கர் செய்தால் டேங்கின் உள்ளே நிற்கும் உறிஞ்சு குழாயில் துரு தின்ற ஓட்டை இருக்கும். மட்டம் அந்த ஓட்டைக்குக் கீழே போனதும் பம்ப் பெட்ரோலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். இந்தக் கடைசிக் கோளாறு மாதக்கணக்கில் அலைக்கழிக்கக் கூடியது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் நாளில் டேங்கில் எவ்வளவு இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது கண்ணில் படும்.

பெட்ரோலா, கரண்டா?

தீப்பொறிக்குக் கரண்ட் தரும் பக்கத்தில் கண்டென்சர் போகும் தறுவாயில் இருந்தாலும், இக்னிஷன் காயில் சூடேறித் தளர்ந்தாலும் இழுவை போகும். பெட்ரோல் போதாமல் நிற்பது விளக்கில் எண்ணெய் தீர்வது போல: தளரும், கொஞ்சம் எடுக்கும், மறுபடி தளரும். கரண்ட் கோளாறு சுவிட்சை அணைத்தது போல டக்கென்று வெட்டும். பெரும்பாலும் சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கும்.

வண்டி திணறும் அந்த நேரத்திலேயே சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது) பாதி இழுத்துப் பாருங்கள். எடுத்துக்கொண்டால் பெட்ரோல் பற்றாக்குறை, அல்லது கார்பரேட்டருக்குக் கீழே எங்கோ காற்று புகுகிறது. இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம், இல்லையென்றால் கரண்ட் கோளாறு.

நின்றுபோன வண்டியில் எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்பரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்தபடி ஆக்சிலேட்டர் லீவரைக் கையால் வேகமாகத் திருப்புங்கள். உள்ளே மெல்லிய, அழுத்தமான பீய்ச்சல் தெரிந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. கரண்ட் பக்கம் போங்கள். பீய்ச்சலே இல்லையென்றால் கிண்ணம் காலி, அல்லது ஆக்சிலேட்டர் பம்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) போயிருக்கிறது. இதைப் பார்க்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது. பேக்ஃபயர் ஆனால் தீ நேராக முகத்துக்கு வரும்.

பாட்டில் சோதனை

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் உலர் தூள் தீயணைப்பான் இருக்கட்டும், அல்லது ஒரு வாளி மணல். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் உதவாது. புகை, செல்போன் சார்ஜர், கைவிளக்கு பல்பு எதுவும் கிட்டே வேண்டாம். இரண்டு பேர் தேவை.

கார்பரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அதில் ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸை இணைத்துக் கிளிப் போடுங்கள். மறுமுனை, அளவுக் கோடு போட்ட, அடி கனமான பாட்டிலுக்குள் போகட்டும். பாட்டில் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து விலகி, ஆனால் கார்பரேட்டர் இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். தரையில் வைத்தால் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே இறங்கி ஓடும். செத்த பம்ப்கூட நல்ல அளவு காட்டிவிடும்.

இனி எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலிலேயே ஓரிரு நிமிடம் ஓடும். ஐடிலிங்கைச் சற்றுத் தூக்கி 1000 சுற்றுக்குக் கொண்டுவந்து, 30 விநாடி பிடித்துவிட்டு அணைத்துவிடுங்கள். ஸ்டார்ட்டே ஆகாத வண்டியென்றால் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த ஒயரைப் பிடுங்கி பாடியில் எர்த் செய்துவிட்டு, செல்ஃபை 10 விநாடி அடித்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். இதில் அளவு எண்ணிக்கைக்கு வராது. ஒவ்வொரு அடிக்கும் கனமான துப்பல் விழுகிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

30 விநாடியில் 200 மி.லி. அல்லது அதற்கு மேல் வந்தால் டேங்க் முதல் பம்ப் வரை இந்த வகை எஞ்சினுக்குப் போதும். கார்பரேட்டர் பக்கம் போகலாம். 100 மி.லி.க்குக் கீழே என்றால் வரத்தில் கோளாறு உறுதி. இடையில் இருந்தால் ஃபில்டரை மாற்றி மறுபடி அளங்கள். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அளவோடு ஓட்டத்தின் தன்மையையும் கவனியுங்கள். நுரையும் குமிழியுமாக வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது. பாட்டிலை பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் தனி மணியாகத் திரளும், துருத் தூள் படியும். அதுவும் ஒரு தகவல்.

மாருதி 800-ல் ஒரு விஷயம்: அதன் பம்பில் மூன்று மூக்கு உண்டு. ஒன்று டேங்கிலிருந்து, ஒன்று கார்பரேட்டருக்கு, மூன்றாவது டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன். ஹோஸ் மாற்றும்போது ரிட்டர்னையும் கார்பரேட்டர் ஹோஸையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஐடிலிங்கில் அணையாமல் ஓடும், இழுவை இருக்காது.

பம்பா, குழாயா?

அளவு குறைந்தால் உடனே புது பம்ப் வாங்கிவிட வேண்டாம். ஊரில் ஏ.சி. பம்ப் என்று சொல்லப்படும் அந்த மெக்கானிக்கல் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் பலவீனமானது. ஒரு ஊசித் துளை போதும், பெட்ரோலை விட்டுக் காற்றை இழுக்கும். பம்பின் உறிஞ்சு மூக்கில் ஒரு மீட்டர் புது ஹோஸை மாட்டி, பம்ப் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்த சுத்தமான கேனில் அதை விடுங்கள். பாட்டில் சோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போது அளவு சரியாக வந்தால் பம்ப் நிரபராதி. டேங்க், குழாய், ஃபில்டர் இவற்றில் ஒன்று குற்றவாளி. இப்போதும் குறைந்தால் பம்ப்தான். ஐந்து நிமிட வேலை, சந்தேகப் பட்டியல் பாதியாகும்.

வாயால் பெட்ரோலை உறிஞ்சி குழாயைச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும். உயிருக்கே ஆபத்து.

குழாய்ப் பக்கத்தில் முதலில் டேங்க் மூடி. வண்டி திணறும்போது நிறுத்தி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி பம்போடு மல்லுக்கட்டுகிறது. சில வண்டிகளில் துளை மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் தனி மெல்லிய குழாயாக இருக்கும். குளவி கூடு கட்டி அதை அடைப்பதும் உண்டு. தொலைந்த மூடிக்குப் பதிலாகக் கிடைத்த வேறு மூடியைப் போட்ட வண்டிகளில் இதை முதல் வேலையாகப் பாருங்கள்.

அடுத்தது ஃபில்டர். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டரில் பெட்ரோல் பாதி மட்டுமே நிற்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அம்புக்குறி பெட்ரோல் ஓடும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகத்துக்கு இரண்டாவது ஃபில்டரும் போட்டுவைப்பது நல்லதல்ல, உறிஞ்சும் பக்கத்தில் தடை கூடும். பம்பின் தலையில் கிண்ணம் உள்ள மாடல்களில் அதன் சல்லடையைக் கழுவி, பேக்கிங்கைப் புதிதாகப் போடுங்கள். காய்ந்து சுருங்கிய பழைய பேக்கிங் வெளியே ஒழுகாது, உள்ளே காற்று மட்டும் இழுக்கும்.

டேங்கிலிருந்து வரும் குழாயைச் சோதிக்க, டேங்க் மூடியைத் திறந்துவைத்து, பம்ப் முனையிலிருந்து சைக்கிள் பம்பால் மெதுவாக அடியுங்கள். டேங்கில் குமிழி சத்தம் தாராளமாகக் கேட்க வேண்டும். முக்கி முனகி வந்தால் உள்ளே சல்லடை அடைத்திருக்கிறது. கம்ப்ரஸர் வைத்து அடித்தால் அடைப்பு தற்காலிகமாக விலகும். ஐந்து கிலோமீட்டர் போனதும் அதே குப்பை திரும்பி வந்து உட்காரும். அப்படி ஒருமுறை நடந்தாலே டேங்கை இறக்கிக் கழுவுவதுதான் தீர்வு.

ஹோஸும் எத்தனாலும்

பழைய வண்டிக்காரர்கள் இப்போது அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. 2023 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமான இ20 பெட்ரோல், 2025-க்குள் நாடெங்கும் சாதாரணப் பெட்ரோலாகவே ஆகிவிட்டது. நூற்றில் 20 பங்கு எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம், கிண்ணத்துக்குப் பெட்ரோலைத் திறந்து மூடும் நீடில் வால்வின் ரப்பர் முனை எதுவும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பும், மெத்தென்று ஆகும், காய்ந்தால் வெடிப்பு விடும். ஹோஸின் உள்தோல் உரிந்து ஒரு நாக்கு போலத் தொங்கும். நின்ற நிலையில் ஊதினால் காற்று போகும். பம்ப் வேகமாக இழுக்கும்போது அந்த நாக்கு வாயை மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புத்தம் புதிது போல இருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள்: கஞ்சியில் ஊறியது போல மெத்தென்று இருந்தாலோ மடக்கும்போது மேல்தோலில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' (SAE J30 R9) என்ற தரக் குறியீடு அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். தண்ணீருக்குப் போடும் பச்சை, வெள்ளைக் குழாய்கள் எந்த அவசரத்துக்கும் ஆகாது.

எத்தனால் இன்னொன்றும் செய்கிறது. டேங்கில் வருடக்கணக்கில் படிந்த பிசினையும் துருவையும் இளக்கிக் கீழே கொண்டுவருகிறது. தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும். உறிஞ்சு குழாய் நிற்பதும் அதே அடியில்தான். மாதக்கணக்கில் நிற்கும் வண்டி முதல் ஸ்டார்ட்டிலேயே மக்கர் செய்தால் டேங்கின் அடித் திருகைத் திறந்து அரை லிட்டர் வடித்துப் பாருங்கள்.

பம்பைப் பார்ப்பது

அம்பாசிடரிலும் பத்மினியிலும் பம்ப் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். மாருதி 800-ல் ஹெட்டில். எல்லாமே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தள்ளி இயங்குபவை. பம்பின் அடிப்பகுதியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து பெட்ரோல் சொட்டினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. உடனே ஆயில் கேஜை உருவி முகர்ந்து பாருங்கள். மட்டம் உயர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றும்வரை எஞ்சினை ஓட்டக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

கையால் அடிக்கும் லீவர் உள்ள பம்பில், லீவர் தளர்ந்து தொங்கினால் பம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேம் அந்த நேரத்தில் பம்பின் கையைத் தள்ளிப் பிடித்திருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்று சுற்றி மறுபடி முயலுங்கள். கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் கேம் அரைச் சுற்று, அவ்வளவு போதும்.

பம்பைக் கழற்றி மாட்டும்போது பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் பேக்கலைட் கட்டையையும் பேக்கிங்குகளையும் அதே எண்ணிக்கையில் போட வேண்டும். ஆயில் கசிகிறது என்று கூடுதலாக ஒரு பேக்கிங் போட்டால் பம்பின் கை கேமிலிருந்து விலகி அடியின் நீளம் குறையும், பெட்ரோலும் குறையும். கட்டையை விட்டுவிட்டால் கை ஒடியும், கூடவே எஞ்சின் சூடு நேராகப் பம்புக்கு ஏறும். மீட்டர் கையில் இருந்தால் அழுத்தத்தையும் பாருங்கள்: இந்த வகைப் பம்புகளுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 முதல் 0.35 கிலோ. அதைவிட வெகுவாகக் கூடினால் நீடில் வால்வு தாக்குப்பிடிக்காமல் ஓவர்ஃப்ளோ ஆகும். அப்போது குற்றம் கார்பரேட்டர் மீது விழும்.

சூட்டில் மட்டும் வரும் கோளாறு

சித்திரை வெயிலில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வண்டி நிற்கும், பானட்டைத் திறந்துவைத்துக் கால் மணி நேரம் ஆறவிட்டதும் கோளாறு போய்விடும். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது டாக்சி டிரைவர்களின் பழைய வைத்தியம். அதைச் சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: ஈரத்துணி போட்டதும் இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டால் ஆவி அடைப்பு உறுதி. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கிறது. பாதி அடைத்த ஃபில்டரும் ஆவி அடைப்பை வரவழைக்கும் என்பதால், வெயிலைக் குறை சொல்வதற்கு முன் ஃபில்டரை மாற்றுங்கள். இரும்புக் குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகிறதா, சூடு தடுக்கும் தகடு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடும்போது நன்றாக இருந்து, டீக்கடையில் நிறுத்தி 10 நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல் படுத்தினால் அது வேறு. கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து, எஞ்சினுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டில் வழிந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் ஈரமாகும்.

கடைசியாகத்தான் கார்பரேட்டர்

வாசல் வரை 200 மி.லி. வந்து, அப்படியும் திணறினால் இப்போது திறக்கலாம். பெட்ரோல் நுழையும் மூக்கில், ஹோஸ் இணையும் யூனியனுக்குள் ஒரு குட்டிச் சல்லடை இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. முழு கார்பரேட்டரும் சர்வீஸ் ஆகி, அது மட்டும் அடைத்தபடியே இருக்கும். பிறகு நீடில் வால்வு. பழைய பெட்ரோலின் பிசின் பிடித்து மேலே ஒட்டிக்கொண்டால் கிண்ணம் நிறையாது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் கார்பரேட்டர் மூடியை லேசாகத் தட்டியதும் வண்டி எடுத்துக்கொண்டால் அதுதான். தூசி சிக்கி மூடாமல் நின்றால் ஓவர்ஃப்ளோ. மூடியைக் கவிழ்த்து, ஃப்ளோட்டின் எடை வால்வின் மேல் இருக்கும்படி வைத்து, புது ஹோஸ் துண்டால் மூக்கில் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கக் கூடாது.

ஜெட்டுக்குள் கம்பி, ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள். பித்தளை இரும்பைவிட மென்மையானது. சோலக்ஸ் வகைக் கார்பரேட்டரில் 120 என்று எண் போட்ட ஜெட்டின் துளை 1.20 மி.மீ. அது 1.25 ஆனாலே பரப்பு 8 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும், பெட்ரோலும் ஏறக்குறைய அந்த அளவு. கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். ஐடிலிங்கில் மட்டும் அணைந்துபோய், மிதித்தால் நன்றாக ஓடினால் ஸ்லோ ஜெட்டை (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஜெட்) மட்டும் கழற்றுங்கள். சில கார்பரேட்டர்களில் அந்த வழியை ஒரு சோலினாய்டு (கரண்ட்டில் இயங்கும் வால்வு) அடைத்துத் திறக்கும். சாவியைப் போட்டதும் 'டிக்' என்று கேட்கவில்லை என்றால் அதன் ஒயரைப் பாருங்கள்.

இ20-க்குக் கலவை சரியாக எரிய, சுத்தப் பெட்ரோலைவிடச் சுமார் 8 விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டலாம்தான். ஆனால் வரத்து முழுமையாக இருக்கிறது என்று பாட்டிலில் அளந்த பிறகே அதைச் செய்யுங்கள். பம்ப் கொடுக்காத பெட்ரோலைப் பெரிய ஜெட் கொண்டுவராது.

வேலை முடிந்ததும் எல்லாக் கிளிப்புகளையும் இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 30 விநாடி முழு மிதி. 50 கி.மீ. ஓட்டித் திரும்பி எஞ்சின் ஆறியதும் கிளிப்புகளை மறுபடி இறுக்குங்கள். புது ஹோஸ் சூட்டில் சற்று அமுங்கியிருக்கும். டேங்க் கழுவிய வண்டியென்றால் முதல் 200 கி.மீ.யில் ஃபில்டரை ஒருமுறை மாற்றிவிடுங்கள். கழுவலில் போகாமல் ஓரத்தில் ஒட்டியிருந்த துரு அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.